மஞ்சள் கட்டத்தில் நின்ற கருப்பசாமி

கல்லுக்குழிக் காலனியின் கூடைப்பந்துக் குழு போன வருடம் எப்படி ஆடியது என்று கேட்டால், காலனியில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். முதல் ஆட்டத்தில் நாற்பதுக்கு இரண்டு என்று தோற்றார்கள். அந்த இரண்டு புள்ளியும் எதிர்க் குழுப் பையன் ஒருவன் குழம்பிப்போய்த் தன் பக்கத்துக் கூடையிலேயே போட்டது. அடுத்த ஆட்டத்தில் பந்து எங்கள் பிள்ளைகளின் கைக்கே வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் முனிவேல், "பந்து என்னா கலர்ல இருந்துச்சு?" என்று கேட்டானாம்.

காலனி ஓசூர் சிப்காட்டை ஒட்டி இருக்கிறது. சுற்றிலும் தொழிற்சாலைகள். மைதானத்தில் நின்று பந்தை ஓங்கி அடித்தால் கர்நாடகத்தில் போய் விழும். அதை எடுத்துவரச் சுங்கச்சாவடி வரிசையில் நிற்க வேண்டும். இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட குழுவுக்குப் பயிற்சி தர வந்தவர்தான் கிருஷ்ணப்பன் சார். மோட்டார் சைக்கிளுக்கு உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அவர் லைன் லீடர். கல்லூரியில் படித்தபோது கூடைப்பந்து ஆடியவர். இரவு ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தூங்காமல், காலை ஆறரைக்கு நேராக மைதானத்துக்கு வந்துவிடுவார். கண் இரண்டும் தக்காளி மாதிரி சிவந்திருக்கும். அவர் ஒரு சத்தம் போட்டால் பாகலூர்ச் சாலையில் போகும் லாரிகள் எல்லாம் ஓரம் கட்டும்.

அவரிடம் ஒரு விசேஷம் உண்டு. சாதாரணமாக இருந்தால் தமிழில் எண்ணுவார். சந்தோஷமாக இருந்தால் தெலுங்கில் எண்ணுவார். கோபம் வந்துவிட்டால் கன்னடம். "ஒந்து, எரடு" என்று ஆரம்பித்தார் என்றால், மூன்று வருவதற்குள் பிள்ளைகள் ஓடி ஒளிந்துகொள்வார்கள்.

முதல் நாள் அவர் சும்மா நின்று பார்த்தார். ஒரே பந்துக்குப் பின்னால் ஐந்து பேரும் ஓடினார்கள். பந்து இடது பக்கம் போனால் ஐந்து பேரும் இடது பக்கம். வலது பக்கம் போனால் ஐந்து பேரும் வலது பக்கம்.

"இது கூடைப்பந்து இல்லப்பா," என்றார். "பந்தியில எலை போட்டதும் ஓடுற கூட்டம்."

மறுநாள் ஒரு டப்பா மஞ்சள் பெயிண்டோடு வந்தார்.

தொழிற்சாலையில் லைன் என்று ஒன்று உண்டு. ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் திருகாணியை வைப்பார். அடுத்தவர் முறுக்குவார். அதற்கடுத்தவர் சரிபார்ப்பார். அவரவர் நிற்கும் இடத்துக்கு ஸ்டேஷன் என்று பெயர். தரையில் மஞ்சள் கட்டம் போட்டிருப்பார்கள். அதை விட்டு யாரும் நகரக் கூடாது.

கிருஷ்ணப்பன் சார் அதை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஐந்து மஞ்சள் கட்டங்கள். ஐந்து பிள்ளைகள்.

ஒன்றாம் கட்டம் எங்கள் கூடைக்குக் கீழே. அதில் கருப்பசாமி. எதிர்க் குழு எறிந்து தவறவிட்ட பந்து கீழே விழும்போது, எம்பி இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை.

இரண்டாம் கட்டத்தில் முனிவேல். பந்தைத் தரையில் தட்டித் தட்டி நடுக்கோடு வரை கொண்டுபோவான். மூன்றில் சம்பங்கி. பந்தை நெஞ்சுக்கு நேராக வைத்து, ஒரு காலை முன்னால் வைத்து, நேர்க்கோட்டில் தள்ளுவாள். நான்கில் பிரியதர்ஷினி. ஒரு காலை ஆணி அடித்ததுபோல் ஊன்றிக்கொண்டு, மறு காலால் சுழன்று திரும்பி ஆளை ஏமாற்றுவாள். ஐந்தில் சக்தி என்ற நெட்டைப் பெண். கூடை போடுவது அவள் மட்டும்தான்.

"ஆளுக்கு ஒரே வேலை," என்றார் சார். "அத மட்டும் ஆயிரம் தடவ செய்ங்க. தப்பு எங்கேருந்து வரும்னு பாக்குறேன்."

செய்தார்கள். மூன்று மாதம் செய்தார்கள். முனிவேல் தூக்கத்தில்கூடத் தலையணையைத் தட்டினான். சம்பங்கி வீட்டில் யாராவது தண்ணீர் கேட்டால் சொம்பை நெஞ்சுக்கு நேராக வைத்துத் தள்ளினாள். கருப்பசாமி கையிலிருந்து எதுவும் தப்பவில்லை. மாமரத்தடியில் அவன் நின்றால் மாங்காய் தரையைப் பார்க்காது.

பந்து ஒன்றிலிருந்து கிளம்பி, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று போய், கூடைக்குள் விழுந்தது. எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் காலனியோடு பயிற்சி ஆட்டம். பார்க்க வந்தவர்களில் கருப்பசாமியின் அம்மா இருளாயியும் ஒருவர். சாத்தூர்ப் பக்கமிருந்து வேலைக்காக வந்த குடும்பம். இருளாயி ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் வேலை இருக்கும். மகன் ஆடி அவர் பார்த்ததே இல்லை. அன்றைக்கு முதல் ஆளாக வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

எங்கள் குழு பதினான்குக்கு ஆறு என்று வென்றது. காலனியே எழுந்து குதித்தது. தண்ணீர்த் தொட்டிகூடக் கொஞ்சம் குதித்ததாக எனக்கு ஞாபகம்.

இருளாயி மட்டும் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அந்தக் கோடிக்கு ஓடினார்கள். கருப்பசாமி கூடைக்குக் கீழே தன் கட்டத்தில் நின்றான். பந்து வந்தால் பிடித்தான். இரண்டாம் கட்டத்துக்குக் கொடுத்தான். மறுபடி நின்றான்.

ஆட்டம் முடிந்ததும் அவர் தண்ணீர்ப் புட்டியை மகனிடம் நீட்டினார்.

"ஏம்ப்பா, எல்லாப் பிள்ளையும் அங்கிட்டு ஓடுதுக. நீ மட்டும் இங்கனயே நிக்க. கால் வலிக்கா?"

"இல்லம்மா. இது என் ஸ்டேஷன்."

"அந்தக் கூடையில நீ ஒண்ணும் போட மாட்டியா?"

"அது சக்தி வேலம்மா."

இருளாயி சேலைத் தலைப்பால் மகன் நெற்றியைத் துடைத்துவிட்டார். மகன் மனம் நோகாமல் ஏதாவது பாராட்ட வேண்டும். என்ன சொல்லிப் பாராட்டுவது?

"நல்லா நின்னப்பா," என்றார்.

பக்கத்தில் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்த சம்பங்கி இதைக் கேட்டாள். கருப்பசாமியின் முகத்தையும் பார்த்தாள். பந்து பட்டு மூக்கு வீங்கினால்கூட ஒருவர் முகம் அப்படி ஆகாது.

அன்று மாலை அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"கிருஷ்ணகிரி மேட்ச்சுக்கு நான் வரல," என்றான் தேடி வந்த சம்பங்கியிடம். கிருஷ்ணகிரியில் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

"ஏன்டா?"

"வயித்து வலின்னு சொல்லிருவேன்."

"மூணு வாரம் கழிச்சு வரப்போற வயித்து வலி உனக்கு இன்னிக்கே தெரிஞ்சுபோச்சா?"

கருப்பசாமி சிரிக்கவில்லை. "எங்கம்மா அன்னைக்கும் வாரேன்னு சொல்லுது. கூட வேலை பாக்குற அக்காவோட முறையையும் சேத்துப் பாக்குறேன்னு சொல்லி, அன்னைக்கு லீவ மாத்தி வாங்கிருக்கு. ரெண்டு ஷிஃப்ட் ஒண்ணா நிக்கணும். எதுக்கு? கிருஷ்ணகிரி வரைக்கும் வந்து நான் நிக்கிறதப் பாக்கவா?"

சம்பங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உனக்கு எத்தினி கூடை போடணும்?"

"ஒண்ணு போதும்," என்றான். "அம்மா பாக்குறப்ப ஒண்ணு."

மறுநாள் காலையில் சம்பங்கி நேராகச் சாரிடம் போனாள்.

"சார், கருப்பசாமிக்கும் ஷூட் பண்ணச் சொல்லித் தாங்க சார்."

"அவனுக்கு எதுக்கும்மா ஷூட்டு? கேட்ச்ல அவன அடிச்சுக்க ஆளே இல்ல."

"அவனுக்கு ஆசையா இருக்குது சார்."

கிருஷ்ணப்பன் சார் கண்ணைக் கசக்கிக்கொண்டார். இரவெல்லாம் தூங்காத கண். "பாரும்மா. போன வருசம் நீங்க எப்பிடி ஆடுனீங்க? இப்ப எப்பிடி ஆடுறீங்க? ஸ்டேஷன் மாத்துனோம்னா எல்லாம் கலஞ்சி போயிடும். திரும்பத் தோத்தா, அழப்போறது யாரு? நீங்கதான. எனக்கு அதப் பாக்க முடியாதும்மா."

அவர் பொய் சொல்லவில்லை. போன வருடம் தோற்றபோது அவர் வேலியோரம் நின்று பார்த்தவர். அதனால்தான் சொல்லித்தரவே வந்தார். அவரை எதிர்த்துப் பேசச் சம்பங்கிக்கு மனம் வரவில்லை. கருப்பசாமியை விட்டுவிடவும் மனம் வரவில்லை.

சாயங்காலம் அவள் அம்மா நாகம்மாள் வேலை முடிந்து வந்து, கால் இரண்டையும் வெந்நீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவரும் ஒரு தொழிற்சாலையில் லைனில்தான் வேலை பார்க்கிறார்.

"அய்யோ காலு. இன்னிக்கிப் பதினாலு பேருக்கு ரிலீஃப் குடுத்தேன்."

"அப்பிடின்னா என்னாம்மா?"

"லைன்ல ஒருத்தி பாத்ரூம் போறா. லைன் நிக்கக் கூடாதில்ல? அவ வர்ற வரைக்கும் அவ வேலைய நான் பாக்கணும். அப்புறம் அடுத்தவ போவா. அவ எடத்துல நிக்கணும். அதான் ரிலீவர் வேல."

"அப்ப எல்லா வேலையும் உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? பன்னெண்டு ஸ்டேஷனும் தெரியும்," என்றார் நாகம்மாள். கால் வலி கொஞ்சம் மறந்துபோனது. "எங்க லைன் லீடரு யாரு வரலன்னாலும் கவலப்பட மாட்டாரு. நான் வரலன்னா மட்டும் போன் மேல போன் போடுவாரு."

சம்பங்கி வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அம்மா கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வெளியே ஓடினாள்.

"என்னாடி, இந்த வயசுலயே லூசா?" என்றார் நாகம்மாள், கன்னத்தைத் துடைத்துக்கொண்டே.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ரகசியக் கூட்டம் நடந்தது. முனிவேலும் பிரியதர்ஷினியும் உடனே சம்மதித்தார்கள். சக்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் வரல. சார் என்னைய மட்டும் ஷூட் பண்ண விடுறாருன்னா, நான்தான் நல்லாப் போடுறேன்னு அர்த்தம்."

"சரி, நீ சும்மா இருந்தா போதும்," என்றாள் சம்பங்கி.

மறுநாள் பயிற்சி தொடங்கியது. பந்து ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போய், மூன்றை நோக்கிப் பறந்தது.

"சார், பாத்ரூம்," என்று கையைத் தூக்கினாள் சம்பங்கி.

"போயிட்டு வாம்மா."

அவள் வீட்டை நோக்கி நடந்தாள். பந்து காலி மஞ்சள் கட்டத்தைத் தாண்டிப் போய், வாசலைத் தாண்டி, சாலையையும் தாண்டி, ஒரு தேநீர்க் கடையில் பெஞ்சியில் ஏறி உட்கார்ந்தது. இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் டீ சொல்லியிருக்கும்.

"லைன் ஸ்டாப்," என்றார் சார். லைன் லீடர்களுக்கு உலகத்திலேயே பிடிக்காத சொல் அது. சொல்லும்போதே அவர் வாய் கசந்தது.

சம்பங்கி திரும்பி வந்தாள். ஆட்டம் தொடங்கியது.

"சார், பாத்ரூம்," என்றான் முனிவேல்.

லைன் ஸ்டாப்.

முனிவேல் வந்தான். பிரியதர்ஷினி கையைத் தூக்கினாள்.

"என்னாப்பா, நேத்து காலனிக்கே ஏதாவது விசேஷச் சாப்பாடா?" சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு நிமிசம் லைன் ஸ்டாப். இது எங்க கம்பெனியா இருந்தா என்னைய வீட்டுக்கு அனுப்பிச்சிருப்பாங்க. ஒந்து... எரடு..."

அந்த நேரம் பார்த்து சக்தியின் முகம் மாறியது. திட்டத்தில் சேராத சக்தி. காலையில் வெயில் என்று இரண்டு புட்டித் தண்ணீர் குடித்திருந்த சக்தி.

"சார்," என்றாள். "பாத்ரூம்."

"நீயுமா?"

"எனக்கு நிஜமாவே சார்," என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போனாள்.

"நிஜமாவேன்னா?" கிருஷ்ணப்பன் சார் மற்ற நான்கு பேரையும் திரும்பிப் பார்த்தார். நான்கு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். வானத்தில் ஒன்றுமே இல்லை.

சம்பங்கி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சார், உங்க லைன்ல யாராச்சும் பாத்ரூம் போனா என்னா சார் பண்ணுவீங்க?"

"ரிலீவர் நிப்பாங்க."

"ரிலீவர் நல்லா வேலை பாப்பாங்களா சார்?"

"என்னா இப்பிடிக் கேட்டுட்ட? எல்லா ஸ்டேஷனும் தெரிஞ்சவங்கம்மா. லைன்லயே கெட்டிக்காரங்க அவங்கதான்."

"நம்ம லைன்ல ரிலீவர் யாரு சார்?"

சார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே இருந்தது. ஒரு நிமிடம் இருந்தது. இரண்டு நிமிடம் இருந்தது. ஒரு குருவி வந்து, கூடு கட்டலாமா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

பிறகு அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"யாருமே இல்ல," என்றார் மெதுவாக. "ஒருத்தருக்குக் கால் சுளுக்குனா மொத்த லைனும் நிக்கும். ச்சே. பதினாறு வருசம் லைன்ல இருந்துட்டு எனக்கு இது தோணல பாரு."

"அப்ப சார்?"

"அப்ப என்னா? நாளைலருந்து எல்லாரும் ரிலீவர். எல்லாருக்கும் எல்லா ஸ்டேஷனும்." பிறகு சம்பங்கியை ஒரு பார்வை பார்த்தார். "உங்க வீட்ல யாரும்மா ரிலீவரு?"

"அம்மா சார்."

"நெனச்சேன்."

அடுத்த மூன்று வாரம் அந்த மைதானத்தில் நடந்ததை எழுதினால் சிப்காட்டில் உள்ள காகிதம் எல்லாம் தீர்ந்துவிடும். கருப்பசாமி முதன்முதலில் கூடையை நோக்கி எறிந்த பந்து, மாடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு லுங்கியைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அது யார் லுங்கி என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்த லுங்கி.

பந்து தட்டும் முறை சக்திக்கு வந்தது. மூன்று மாதமாக நூற்றுக்கணக்கில் கூடை போட்ட சக்தி. அவள் ஒரு தட்டுத் தட்டினாள். பந்து அவள் தாடையிலேயே வந்து இடித்தது. இன்னொரு தட்டு. கால் விரலில் பட்டு ஓடிப்போனது. முனிவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிரியதர்ஷினி தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

சக்தி கட்டத்தை விட்டு விலகிப் போய், வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காது மடல் சிவந்திருந்தது.

கருப்பசாமி மட்டும் சிரிக்கவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போனான்.

"மொத பிடிக்கப் பழகிக்கிருவமா? பிடிக்கத் தெரிஞ்சா தட்டுறது தானா வரும். நான் மெதுவாப் போடுதேன்."

சக்தி திரும்பவில்லை. "நீயும் சிரிச்சுக்கோ."

"நேத்து நான் எறிஞ்சது லுங்கியக் கூட்டிட்டு வந்துச்சு. நான் எங்கிட்டுச் சிரிக்க?"

சக்திக்குத் தன்னை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

"கைய விறைச்சு வைக்காத," என்றான் கருப்பசாமி. "பந்து வந்து விரல்ல பட்டதும் கைய லேசா உன் பக்கம் இழுத்துக்க. கோழி முட்டைய யாராச்சும் தூக்கிப் போட்டா எப்படிப் பிடிப்ப? அப்படி."

பத்து முறை போட்டான். பதினோராவது முறை பந்து அவள் கைக்குள் சத்தமே இல்லாமல் வந்து உட்கார்ந்தது. சக்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூடையைப் பார்த்தாள். பிறகு பந்தை அவனிடம் நீட்டினாள்.

"முட்டிய மடக்கு," என்றாள். "முழங்கை பந்துக்குக் கீழ இருக்கணும். வெளியில நீட்டிக்காத. மேல அலமாரியில முறுக்கு டப்பா இருக்குதுன்னு வெச்சுக்கோ. எம்பி, மூடியத் தாண்டி, உள்ள கைய விடுற மாதிரி மணிக்கட்ட மடக்கி விடு."

"முறுக்கு டப்பான்னா எனக்கு வரும்," என்றான் கருப்பசாமி.

அன்று பந்து கூடையின் வளையத்தைத் தொட்டது. நான்கு நாள் கழித்து வளையத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. எட்டாம் நாள்தான் உள்ளே போனது. ஆனால் இருபது எறிந்தால் மூன்றுதான் போனது. கிருஷ்ணகிரிக்குக் கிளம்பும் நாள் வரையில் அது நான்குக்கு மேல் ஏறவே இல்லை.

கிருஷ்ணகிரி மைதானம் நிறையக் கூட்டம். மாங்கூழ்த் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் எதிர்க் குழுவில். ஒவ்வொருவரும் நன்றாக மாம்பழம் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் என்பது பார்த்ததும் தெரிந்தது. அதில் ஒருவன் நின்ற இடத்தில் நிழல் விழுந்து, நான்கு பேர் அதில் உட்கார்ந்திருந்தார்கள்.

இருளாயி படிக்கட்டில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல் வேலை பார்த்துவிட்டு, பேருந்தில் நின்றுகொண்டே வந்தவர். கண் சொக்கியது. ஒவ்வொரு முறை தலை சாயும்போதும் கையைக் கிள்ளிக்கொண்டார்.

முதல் பாதியில் சக்தி ஐந்து கூடை போட்டாள். எதிர்க் குழு இதைக் கவனித்துவிட்டது. இரண்டாம் பாதியில் அவளைச் சுற்றி இரண்டு பேர் சுவர் மாதிரி நின்றார்கள். பந்து அவளிடம் போகவே இல்லை. மூன்று மாத மஞ்சள் கட்டப் பிள்ளைகளாக இருந்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.

"ரிலீஃப்," என்று கத்தினார் கிருஷ்ணப்பன் சார்.

சக்தி ஓடிப் பின்னால் வந்தாள். முனிவேல் பக்கவாட்டுக்குப் போனான். பிரியதர்ஷினி பந்து தட்டினாள். எதிர்க் குழுச் சுவர் இரண்டும் யாரைச் சுற்றி நிற்பது என்று தெரியாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிரியதர்ஷினி ஒரு கூடை போட்டாள். முனிவேல் இரண்டு போட்டான்.

கருப்பசாமிக்குப் பந்து இரண்டு முறை வந்தது. இரண்டையும் எறிந்தான். இரண்டும் வெளியே போயின. படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு ஓடினான்.

இன்னும் ஒரு நிமிடம். எதிர்க் குழு இருபது. நாங்கள் பதினாறு.

பந்து சம்பங்கியிடம் வந்தது. அவள் கூடைக்கு நான்கடி தூரத்தில் நின்றாள். முன்னால் ஒருவரும் இல்லை. முட்டியை மடக்கி, முறுக்கு டப்பாவில் கையை விட வேண்டியதுதான். அவளுக்கும் ஆசை இருந்தது. அவளும்தான் அன்றைக்கு வரை ஒரு ஆட்டத்திலும் ஒரு கூடைகூடப் போட்டதில்லை.

இடது பக்கம் கருப்பசாமி ஓடி வந்தான்.

சம்பங்கி பந்தை நெஞ்சுக்கு நேராக வைத்து, ஒரு காலை முன்னால் வைத்து, நேர்க்கோட்டில் தள்ளினாள்.

"எறி," என்றாள்.

கருப்பசாமி எறிந்தான். பந்து வளையத்தில் பட்டு எகிறியது. அது கீழே விழுமுன் அவனே எம்பிப் பிடித்தான். மாம்பழப் பையன்கள் அப்போதுதான் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஒகட்டி," என்றார் கிருஷ்ணப்பன் சார்.

மறுபடி எறிந்தான். பலகையில் பட்டுத் திரும்பியது. மறுபடி அவன் கையில்.

"ரெண்டு." சார் தெலுங்கில்தான் எண்ணுகிறார் என்பது அவருக்கே தெரியவில்லை.

மூன்றாவது முறை கருப்பசாமி முட்டியை நன்றாக மடக்கினான். முழங்கையைப் பந்துக்குக் கீழே கொண்டுவந்தான். எம்பினான். பந்து வளையத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்றுச் சுற்றியது. கிருஷ்ணகிரி மலையே கொஞ்சம் குனிந்து பார்த்தது. பிறகு பந்து, சரி போகட்டும் என்று உள்ளே விழுந்தது.

"மூடு," என்று மூன்றையும் எண்ணி அலறினார் சார்.

கருப்பசாமி முதலில் கூடையைப் பார்த்தான். பிறகு படிக்கட்டைப் பார்த்தான். இருளாயி எழுந்து நின்றுகொண்டிருந்தார். கைதட்டவில்லை, கத்தவில்லை. இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றார், திருவிழாவில் தேர் நகர்வதைப் பார்ப்பவர்போல.

இருபதுக்குப் பதினெட்டு. தோற்றுத்தான் போனோம். ஆனால் எதிர்க் குழுவின் பயிற்சியாளர் வந்து கிருஷ்ணப்பன் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க டீம்ல ஷூட்டர் யாரு, பந்து தட்டுறவங்க யாருன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியலீங்க."

"எனக்கும் தெரியலீங்க," என்றார் சார், பெருமையாக.

திரும்பும்போது எல்லாரும் ஒரே பேருந்தில் ஏறினோம். கிருஷ்ணப்பன் சார் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். கழுத்தில் தொங்கிய விசில் எப்படியோ அவர் வாய்க்குள் போய்விட்டது. அவர் ஒரு குறட்டை விட்டால் விசில் ஊதும். ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். இரண்டு குறட்டை விட்டால் வண்டி கிளம்பும். கண்டக்டர் தன் விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டார்.

சக்தி சன்னலோரம் உட்கார்ந்து பிரியதர்ஷினிக்கு மணிக்கட்டை எப்படி மடக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். இருளாயி சம்பங்கியை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து அவள் கையில் திணித்தார். பிறகு முன் இருக்கைக்காரரின் தோளைத் தட்டினார்.

"அய்யா, என் மகன் இன்னைக்கு ரெண்டு கூடை போட்டான்."

அப்போது பேருந்து குந்தாரப்பள்ளியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

சூளகிரியில் ஏறியவர்களிடம் அது ஐந்து கூடையாகச் சொல்லப்பட்டது. பின் இருக்கையில் கன்னடம் மட்டுமே தெரிந்த ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கு இருளாயி விரலை விரித்துக் காட்டினார். பெரியவரும் தன் பங்குக்கு மூன்று விரலை விரித்துத் தலையாட்டினார். அந்தக் குழப்பத்தில் அது எட்டாகிவிட்டது.

கருப்பசாமிக்கு வெட்கம் தாங்கவில்லை. "அம்மா, ஒண்ணுதான்மா."

"நீ பேசாம இருப்பா. உனக்கு என்ன தெரியும்?"

"போட்டது நான்தானம்மா."

"போட்டது நீ," என்றார் இருளாயி. "ஆனா நீ பந்தைத்தான பாத்துக்கிட்டு இருந்த. உன்னயப் பாத்தது நான்."

கருப்பசாமி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டான். ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது கூடைக் கணக்கு பதினொன்றுக்கு வந்திருந்தது. அவனும் நம்ப ஆரம்பித்திருந்தான்.